பொருள்: டேபிள் டென்னிஸ் மட்டையின் ‘பிளை’ – அடுக்கா, புரியா, ஏடா?

காரைக்குடி, மரப்பட்டறை:

நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘பிளை’ (ply, மட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் மரத்தகடு) என்பதற்கு நேரே ‘அடுக்கு’ என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். மொத்தக் கட்டுமானமும் அடுக்கு, அதிலுள்ள ஒற்றைத் தகடும் அடுக்கு என்றால் வேலைக்கு ஆகாது. போதாததற்குக் கணக்குப் பாடத்திலும் அடுக்கு இருக்கிறது. மட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், 6.0 மி.மீ. மட்டையை 6.3 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு ஏறும். இதே வாக்கியத்தில் ‘மூன்றாம் அடுக்கு மரம்’ என்றும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

கண்டனூர்:

‘புரி’ எப்படி? முப்புரி நூல் என்கிறோமே. ஐம்புரி மட்டை, எழுபுரி மட்டை. சின்னச் சொல், வாயில் நிற்கும்.

காரைக்குடி, மரப்பட்டறை:

அண்ணே, புரி என்றால் முறுக்கு. நூலுக்கும் கயிற்றுக்கும் பொருந்தும், மட்டைக்குப் பொருந்தாது. இங்கே முறுக்கு இல்லை, குறுக்குதான் இருக்கிறது. வழக்கமான ஐந்து தகட்டு மட்டையில் மேல் தகட்டின் நாரோட்டம் கைப்பிடியின் நீளவாக்கில் போகும். அதற்கு அடுத்தது குறுக்கே. நடுக்கட்டை மறுபடி நீளவாக்கில். நாருக்குக் குறுக்கே மரம் எளிதில் வளையும், எளிதில் பிளக்கும். குறுக்குத் தகடு அதைக் கட்டிப் பிடிக்கிறது. ஹினோக்கி மரத்தில் 9, 10 மி.மீ. தடிமனில் செய்யும் ஜப்பானிய ஒற்றைப் பலகை மட்டை நாரோடு நீளமாக வெடிப்பது இந்தக் கட்டு இல்லாததால்தான்.

நம் ஊர் வீடுகளில் நிலையும் தூணும் பர்மாத் தேக்கு. ‘அதிலேயே மட்டை செய்யலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பிடி நீங்கலாகத் தலைப்பகுதி மட்டுமே 6 மி.மீ. தடிமனில் 75 கிராம் வந்துவிடும். நல்ல மட்டை கைப்பிடியோடு சேர்த்தே 80 முதல் 95 கிராம்தான். அதனால் நடுவில் அயூஸ், கிரி போன்ற இலேசான மரம், மேலே லிம்பா அல்லது கோட்டோ. லிம்பா சற்று மெத்தென்று இருந்து பந்தைப் பிடித்து அனுப்பும். கோட்டோ கெட்டி, பந்து சட்டென்று கிளம்பும்.

தேவகோட்டை, தமிழாசிரியை:

தம்பி சொல்வது சரி. நான் ‘ஏடு’ என்பதை முன்வைக்கிறேன். பாலேடு, பனையேடு: மெல்லியதாக, பரப்பாக, தனியே எடுக்கக்கூடியதாக இருப்பது ஏடு. கூட்டுச்சொல்லும் இணக்கமாக வருகிறது: மேலேடு, உள்ளேடு, ஐந்தேட்டு மட்டை, ஏழேட்டு மட்டை. ‘புற’, ‘நடு’ இரண்டையும் முன்னே சேர்க்காதீர்கள். புறவேடு, நடுவேடு என்று ஆகி, வேடனும் வேடு கட்டிய பானையும் நினைவுக்கு வரும். நடுவில் இருப்பது எப்படியும் 3, 4 மி.மீ. தடிமன், அது ஏடும் இல்லை. ஆசாரிமார் சொல்கிறபடி ‘நடுக்கட்டை’ என்றே இருக்கட்டும்.

கண்டனூர்:

ஆச்சி சொன்ன பிறகு புரியை விட்டுவிடுகிறேன். ஆனால் கணக்கேடு, நாளேடு என்று நகரத்தார் வீட்டுப் பெட்டியெல்லாம் ஏடுதானே, குழப்பம் வராதா? இன்னொன்று: கார்பன் சேர்த்த மட்டையை 5+2 (ஐந்து மரம், இரண்டு கார்பன்) என்கிறார்கள். அந்த இரண்டும் ஏடா?

காரைக்குடி, பயிற்சியாளர்:

மட்டை என்ற சொல் பக்கத்தில் இருக்கும்வரை கணக்கேட்டோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கார்பன் பற்றிய கேள்விதான் முக்கியம். அதை ஏடு என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சர்வதேச விதி, மட்டையின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்கச் சொல்கிறது. 6 மி.மீ. மட்டையில் 5.1 மி.மீ. மரம். கார்பன், கண்ணாடி இழை எல்லாம் விதியின் கண்ணில் பசைப்படலத்துக்கு வலுவூட்டல்தான். அந்தப் படலம் மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காடு அல்லது 0.35 மி.மீ., இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆகவே மரத்துக்கு மட்டும் ‘ஏடு’, இதற்கு ‘இழைப்பசை’. 5+2 என்பது ஐந்தேட்டு ஈரிழை மட்டை.

இழைப்பசை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லில் காட்ட வேண்டும். விஸ்காரியா என்ற பெயரில் விற்கும் கார்பன் மட்டையில் அது மேலேட்டுக்கு நேர் கீழே. மெல்ல அடித்தாலும் விறைப்பு கையில் தெரியும். நடுக்கட்டையை ஒட்டி வைத்தால் மெல்லிய அடியில் மரமாகவும் பலத்த அடியில் கார்பனாகவும் நடந்துகொள்ளும். ‘மேலிழை’, ‘உள்ளிழை’ என்று பிரிக்கலாம்.

காரைக்குடி, மரப்பட்டறை:

ஏற்கிறேன். மேலேடு என்று தனிப்பெயர் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. மேலேடு 0.6, உள்ளேடு 0.6, நடுக்கட்டை 3.6, பிறகு மறுபுறம் அதேபோல்: மொத்தம் 6.0 மி.மீ. மேலேடு இரண்டும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். எல்லாம் ஒரே மரம், ஒரே நாரோட்டம் என்று வைத்துக்கொண்டாலும் வளைவைத் தாங்குவதில் ஏறக்குறைய பாதி அவற்றுடையது. தடிமனில் ஐந்தில் மூன்று பங்கான நடுக்கட்டையின் பங்கு 22 விழுக்காட்டுக்குள். உள்ளேடு குறுக்கே ஓடுவதால் நீளவாக்கில் மேலேட்டின் பங்கு இன்னும் ஏறும். மேலேட்டில் 0.1 மி.மீ. அதிகமாகத் தேய்த்துவிட்டால் மட்டையின் குணமே மாறிவிடுவது இதனால்தான்.

பழுதுகளுக்கும் பெயர் வேண்டும். ரப்பரை உரிக்கும்போது மேலேட்டின் நார் கூடவே வந்தால் ‘சிராய்’. லிம்பாவில் இது அதிகம். கைப்பிடிப் பக்கத்திலிருந்து நாரோட்டத்தோடு மெதுவாக உரிக்க வேண்டும். புது மட்டைக்கு வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய கை போதும். கனமாகப் பூசினால் மேல்பரப்பு கெட்டியாகி, லிம்பாவைத் தேர்ந்தெடுத்ததே வீணாகும். ஒட்டு விடுவது ‘ஏடு பிரிதல்’. பசை சீராகப் பரவாததாலோ ஈரமான ஏட்டை ஒட்டியதாலோ வரும். விரலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால் பிரிந்த இடத்தில் ஓசை செத்துக் கேட்கும். இரு பக்க ஏடுகளும் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவியவையாக இல்லாவிட்டால் ‘கோணல்’ வரும். ஒரு பக்கம் ஐப்பசி மழையில் கூடுதலாக ஈரம் குடித்து மட்டையை வளைத்துவிடும். மரத்தின் ஈரம் 10 விழுக்காட்டிலிருந்து 14 ஆனால் 85 கிராம் மட்டை 3 கிராம் கூடும்; கை தேர்ந்தவருக்கு அது தெரியும்.

தேவகோட்டை, தமிழாசிரியை:

பட்டியலுக்கு என் வரைவு: ‘ஏடு – மட்டையில் நாரோட்டம் மாற்றி ஒட்டப்படும் மெல்லிய மரத்தகடு. ரப்பர் ஒட்டும் முகம் மேலேடு. அதற்கும் நடுக்கட்டைக்கும் இடையிலுள்ளது உள்ளேடு. எண்ணும்போது நடுக்கட்டையும் ஒன்றாகக் கொள்ளப்படும், இழைப்பசை சேராது.’ ஏழேட்டு மட்டையில் உள்ளேடு பக்கத்துக்கு இரண்டு. அவற்றை முதல் உள்ளேடு, இரண்டாம் உள்ளேடு என மேலிருந்து எண்ணலாமா, நடுவிலிருந்தா? பட்டறைக்காரர் சொல்லட்டும்.

காரைக்குடி, மரப்பட்டறை:

மேலிருந்துதான், ஆச்சி. தேய்த்துப் பிரித்துப் பார்க்கும்போது அந்த வரிசையில்தான் கைக்கு வரும்.