4294967297 பகு எண் என்பதைத் தாளிலேயே காட்ட முடியுமா?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)
இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 4294967297 பகா எண் அல்ல என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடுகிறது. ஆனால் என்னிடம் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், செல்போன் எண் போலப் பத்து இலக்கம் உள்ள இதற்குக் கையால் எப்படிக் காரணி தேடுவது என்று கேட்கிறார்கள். வழி உண்டா?

பதில் 1 (புதுச்சேரி, லாஸ்பேட்டை)
உண்டு, ஐயா. இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டும் வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக இருப்பதைக் கண்ட கணித அறிஞர் ஃபெர்மா, எல்லாமே அப்படித்தான் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதைப் பொய்யாக்கினார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்து விலக்கியதும், ஐந்தாவதாக 641 அகப்பட்டுவிடும். ஈவு 6700417, அதுவும் பகா எண்ணே.

பதில் 2 (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)
641 தெரிந்துவிட்டால் நெடுவகுத்தலே தேவையில்லை. 641 = 5×2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641ஆல் வகுக்கையில் 5×2⁷ஐ −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ஐ வகுக்க மீதி 1. இரண்டாவதன்படி, அதில் 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இட்டால், −2³²க்கும் மீதி 1 என்றாகிறது. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். கரும்பலகையில் நான்கே வரிதான். ஆனால் 641ஐக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த அழகு கைகொடுக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.