பிக் (Pig) டைஸ் கேம்ல யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு ரூல் வேணும்

ஒரே டைஸ், விருப்பப்பட்ட வரைக்கும் உருட்டிச் சேர்க்கலாம், 1 விழுந்தா அந்த டர்ன்ல சேர்த்தது மொத்தமும் போச்சு, முதல்ல 100 எடுத்தவங்க ஜெயிப்பாங்க. நாலு பேர் மூணு வாரமா ஆடுறோம், இப்ப எல்லாருமே 20 வந்ததும் நிறுத்திடுறாங்க. கணக்கும் அதான்: அடுத்த உருட்டல்ல சராசரியா வர்றது 20/6, போறது கையில இருக்கிறதுல ஆறுல ஒரு பங்கு, 20ல ரெண்டும் சமமாயிடுது.

ரெண்டு டைஸ் போட்டுப் பாத்தோம், நிறுத்துற நம்பர்தான் மாறுச்சு. ஒருத்தர் நிறுத்தின இடத்துலேர்ந்தே அடுத்தவர் தொடரலாம்னு வச்சப்ப நிஜமாவே நல்லா இருந்துச்சு, 14லயே டைஸை உள்ளங்கைல மூடி வச்சுக்கிட்டு யோசிச்சாங்க, ஆனா பின்தங்கினவங்க பின்னாடியேதான் நிக்கிறாங்க.

பின்தங்கினவருக்கு இலவசமா பாயிண்ட் குடுக்காம, அவரே யோசிச்சு மேல வர்ற மாதிரி ஒரே ஒரு ரூல் சேர்க்கணும்னா நீங்க எதைச் சேர்ப்பீங்க?