நான்கு தலைமுறை ரோட்ஸ்டர், ஒரே மலைப்பாதை: ஓட்டியவர்களின் அனுபவங்கள்

யோகோஹாமாவிலிருந்து:

மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நம் ஊர் ஷோரூமுக்கு வராத கார், வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால்தான் தமிழில் படிக்கக் கிடைக்கும். அதனால் நானே தொடங்குகிறேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஜப்பானில் இதை ரோட்ஸ்டர் என்பார்கள். இரண்டே சீட், மடக்கும் கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. 1989-இல் வந்தது என்ஏ, 1998-இல் என்பி, 2005-இல் என்சி, 2015-இல் என்டி. இங்கே யாரும் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று நீட்டி முழக்குவதில்லை, சேஸிஸ் எண்ணில் வரும் இந்த எழுத்துகளை வைத்துத்தான் பேச்சு. மூன்று வருஷத்துக்குள் நான்கையும் ஓட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, அதுவும் ஒரே பாதையில்: ஹகோனே யுமோத்தோவிலிருந்து பழைய டோக்கைடோ சாலை, அதில் 'ஏழு வளைவு' என்று பெயர் வைத்திருக்கும் கொண்டை ஊசிகள், அப்புறம் ஆஷி ஏரி, கடைசியில் டைக்கான்ஸான் உச்சி. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கார் பைத்தியங்கள் கூடுவார்கள், வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை தெரியும்.

எது வேகம் என்று நான் பேசப்போவதில்லை. நாலுமே வேகமான கார் இல்லை. ஸ்டியரிங்கில் கைக்கு என்ன தெரிகிறது, சீட்டில் முதுகுக்கு என்ன தெரிகிறது, அதுதான் என் கணக்கு.

என்ஏ என் ஆபீஸில் முன்பு இருந்த மூத்தவர் ஒருவருடையது. புதிதாக வாங்கி இன்றுவரை அவரே வைத்திருக்கிறார். ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் கூரையை மடக்கக் கற்றுக்கொடுத்தார். அதில் பின் கண்ணாடி என்பது கண்ணாடி இல்லை, வளையும் பிளாஸ்டிக். கூரையை அப்படியே பின்னால் தள்ளினால் அது மடிந்து கோடு விழுந்துவிடும், குளிர்காலத்தில் விரிசலே விட்டுவிடும். அதனால் முதலில் ஜிப்பைச் சுற்றிலும் திறந்து பிளாஸ்டிக்கைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்து, அதற்கப்புறம்தான் கூரை. அன்று ஜனவரி மாதம், வெயில் பட்டுப் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகட்டும் என்று பத்து நிமிஷம் இருவரும் காரை ஒட்டி நின்றோம். அம்மா பட்டுப்புடவையை மடித்து வைக்கும் கை எனக்கு ஞாபகம் வந்தது.

அவருடைய வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. மாருதி 800 ஓட்டிய கைகளுக்கு இது புரியும்: நிற்கும்போது கல் போல இருக்கும், உருள ஆரம்பித்ததும் உயிர் வரும். ஆனால் 800-இல் வராத ஒன்று இதில் வந்தது. முதல் கொண்டை ஊசியில் திருப்பும்போது ஸ்டியரிங் கனத்துக்கொண்டே போய், முன் டயர் பிடி தளரப்போகும் இடத்தில் லேசாக இளகியது. நான் எதையும் கவனிக்க முயலவில்லை, கை தானாகவே அரை அங்குலம் திருப்பிக் கொடுத்துவிட்டது. 185 அகல டயர், 14 அங்குல சக்கரம், அவ்வளவுதான். சாலையில் ஒட்டுப்போட்ட இடம், ஈரம், மணல் எல்லாமே உள்ளங்கைக்கு வருகிறது.

ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததும் இடைவெளியே இல்லாமல் பின்சக்கரம் தள்ளுவதற்கு ஒரு காரணம் உண்டு. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் அலுமினியச் சட்டம் ஒன்று நேராக இணைக்கிறது, அதனால் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு நேரம் தின்பதில்லை. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்று மாஸ்டாக்காரர்கள் சொல்வார்கள். விளம்பர வாசகம் என்று நினைத்திருந்தேன், மூன்றாவது வளைவில் அந்த எண்ணம் போய்விட்டது.

குறையும் சொல்ல வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது உடம்பே முறுக்கும், உள் கண்ணாடி நடுங்கும். காலையில் ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அவசரப்படாமல் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போடு என்றார் அவர், போட்டேன், விழுந்தது.

என்பி என்னுடையது. 1.6 லிட்டர், ஐந்து கியர். எழும்பும் ஹெட்லைட் போய்விட்டதால் பலருக்கு இதன்மேல் ஆசை இல்லை, அதனாலேயே விலை எனக்கு எட்டியது. அடிப்படையில் என்ஏவின் எலும்புக்கூடுதான், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரமும் (வீல்பேஸ்) அதே 2265 மில்லிமீட்டர், ஆனால் உடம்பை இறுக்கியிருக்கிறார்கள், பின்னால் நிஜக் கண்ணாடி வந்துவிட்டது, உள் கண்ணாடி நடுங்குவதில்லை. என் வண்டியில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய வகை, அதனால் சாலையின் பேச்சு பாதிக்கு மேல் வந்துசேர்கிறது. தினமும் ஓட்ட இதைவிட வேறு வேண்டாம் என்று எனக்குத் தோன்றும்.

வாங்கும்போது ஏமாந்த கதையும் உண்டு. விற்ற கடைக்காரர் துருவே இல்லை என்றார், நானும் மேலே பெயின்ட் பளபளப்பைப் பார்த்து நம்பிவிட்டேன். மூன்றாம் மாதம் மழையில் பிரேக் போட்டபோது கதவுக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டது. கூரையின் தண்ணீர் வடிய சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், இரண்டிலும் மக்கிய இலை அடைத்து, தண்ணீர் முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் போய்த் தேங்கியிருந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், அப்பளம் போல உள்ளே போனது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க நல்ல செலவு. அந்த வேலை முடிந்து வந்தபிறகு கார் வளைவில் இன்னும் இறுக்கமாக நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவரை நான் ஓட்டியது பாதி இற்றுப்போன உடம்பை.

என்சி இரண்டு மணி நேரம்தான் வாடகைக்கு எடுத்தேன். 2 லிட்டர், இழுவை தாராளம், மலை ஏறும்போது கியர் குறைக்கவே தோன்றவில்லை. உட்காரும் இடம் கொஞ்சம் உயரம் போல இருந்தது, வளைவில் முன்பக்கம் தயங்கி அப்புறம்தான் திரும்பியது. நான் சரியாகப் பழகவில்லை என்றே நினைக்கிறேன், அதை வைத்திருப்பவர்கள் எழுதினால் நல்லது.

என்டி ஒரு நாள் முழுவதும். 1.5 லிட்டர். 2015-இல் ஜப்பானில் வந்தபோது இதன் அடிப்படை மாடல் 990 கிலோ, 1989-இன் என்ஏ 940 கிலோ. ஏர்பேக், கெட்டியான உடம்பு எல்லாம் சேர்த்தும் 26 வருஷத்தில் ஏறியது 50 கிலோ! நீளத்தில் என்ஏவைவிடக் குட்டை. சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடலாம். ஸ்டியரிங்குக்கு இப்போது மின்மோட்டார் உதவி. சொன்ன இடத்துக்குத் துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் முதல் அரை மணி நேரம் என் உள்ளங்கைக்கு எதுவுமே வரவில்லை, காது அடைத்துக்கொண்டது போலத் தவித்தேன்.

அப்புறம் ஆஷி ஏரி தாண்டி ஒரு நீண்ட வளைவில் புரிந்தது. இந்தக் கார் சாய்கிறது, மற்றவற்றைவிட அதிகமாகவே சாய்கிறது. வெளிப்பக்கப் பின்மூலை மெல்ல அமுங்குவதை இடுப்பும் முதுகும் கேட்கின்றன. எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது என்பதை என்ஏ கைக்குச் சொல்லும், என்டி சீட்டுக்குச் சொல்கிறது. அது தெரிந்ததும் கையை இளக்கிவிட்டேன், மாலை வரை திரும்பத் திரும்ப அதே பாதையில் ஏறி இறங்கினேன்.

பர்மிங்காமிலிருந்து:

என்சிக்கு நான் பேசுகிறேன் நண்பரே. 2008 மாடல், 2 லிட்டர், ஆறு கியர், பத்து வருஷமாக என்னிடம் இருக்கிறது. நான் ஆறடி. என்ஏவில் உட்கார்ந்தால் முன் கண்ணாடியின் மேல்சட்டம் என் கண்ணுக்கு நேராக வரும், என்சியில்தான் மனிதனாக உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்ன அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. வாங்கிய முதல் வருஷம் இதை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன், மோட்டார்வேயில் காற்றடித்தால் அலையும், வளைவில் முன்பக்கம் பிடிவாதம் பிடிக்கும். ஒரு மெக்கானிக் நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்தாரா என்று கேட்டார். அதுவரை டயர் கடையில் முன்சக்கரம் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். இந்தக் காரில் முன்னும் பின்னும் எல்லாக் கோணங்களையும் திருத்தலாம், ஒன்று தவறினாலும் வண்டியின் குணமே மாறிவிடும். அரை நாள் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். திரும்பி வரும்போது முதல் ரவுண்டானாவிலேயே தெரிந்துவிட்டது, அதை இரண்டு முறை சுற்றினேன்! வாடகைக் காரில் யார் இதையெல்லாம் பார்த்திருக்கப் போகிறார்கள், அதனால் உங்கள் இரண்டு மணி நேரத்தை வைத்து என்சியை எடைபோட வேண்டாம்.

இன்னொன்று, என்னுடையது மடங்கும் கெட்டிக் கூரை. பட்டனை அழுத்தினால் பன்னிரண்டு வினாடியில் சீட்டுக்குப் பின்னால் போய்விடும், டிக்கியில் ஒரு அங்குலம்கூடக் குறையாது. இந்த ஊர் மழைக்கு அது பெரிய வரம். துரு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வயிறு கலங்கியது, இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள், என்பியெல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. என் கார் நவம்பரில் கவர் போட்டால் மார்ச்சில்தான் வெளியே வரும்.

மெல்பர்னிலிருந்து:

யோகோஹாமா அண்ணா, என்ஏவை இவ்வளவு புகழ்ந்துவிட்டீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன, கணவருடையது என்ஏ 1.8, என்னுடையது என்டி 2 லிட்டர், 2018-இல் எஞ்சினைத் திருத்தியபிறகு வந்தது, 184 குதிரைசக்தி, எஞ்சின் நிமிஷத்துக்கு 7500 சுற்று வரை ஏறும்.

ஹீல்ஸ்வில் தாண்டி பிளாக் ஸ்பர் என்று ஒரு மலைச்சாலை, இரண்டு பக்கமும் வானுயர யூகலிப்டஸ், கீழே ஆள் உயரத்துக்கு மரப் பெரணி. வெயில் உள்ளே இறங்காது, நண்பகலிலும் தார் ஈரமாக இருக்கும். அங்கே ஒரு நாள் என்ஏவை நான் ஓட்டினேன். வளைவுக்கு நடுவில் ஒரு வாலபி, குட்டி வகைக் கங்காரு, குறுக்கே வந்தது. பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக்கையும் மிதித்துவிட்டேன். அந்த வண்டியில் ஏபிஎஸ் இல்லை, பின்பக்கம் வீசியது, கார் சாலைக்குக் குறுக்கே நின்றது. எதிரே வண்டி வராததால் இன்று இதை எழுதுகிறேன். கை எல்லாவற்றையும் கேட்டது என்பது உண்மைதான், ஆனால் கேட்டதற்குப் பதில் செய்யும் அளவுக்கு என் கைக்குப் பழக்கம் இல்லை.

அதே சாலையில் என்டியில் போகும்போது பயமில்லாமல் கேட்கிறேன். நீங்கள் சொன்ன சாய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும், 40 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் பேச ஆரம்பித்துவிடுகிறது, அதற்காக ஓட்டுரிமத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கியரும் அப்படித்தான், மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும். என் மகளுக்கு கியர் வண்டி பழக்கினால் இதில்தான் பழக்குவேன்.

மீண்டும் யோகோஹாமாவிலிருந்து:

தங்கை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மூத்தவர் எனக்குச் சாவி கொடுத்த அன்று அவர் பக்கத்து சீட்டிலேயே இருந்தார், இறக்கத்தில் இரண்டு முறை 'மெதுவாக' என்றார், அதை எழுதாமல் விட்டது என் தப்பு. பர்மிங்காம் நண்பருக்கு நன்றி, என்சியை இன்னொரு முறை, அலைன்மென்ட் சரியாக இருக்கும் வண்டியாகத் தேடி ஓட்டப்போகிறேன்.

பழைய ரோட்ஸ்டர் வாங்க நினைப்பவர் ஒருவர் எதை முதலில் பார்ப்பது என்று தனியாகக் கேட்டிருந்தார். எஞ்சினைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், ஆயில் மாற்றி வந்திருந்தால் அது ஓடும். ஒரு தண்ணீர் பாட்டிலும் வயர் கட்டும் நீளமான பிளாஸ்டிக் டை ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரையைப் பாதி தூக்கி, சீட்பெல்ட் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டையில் டையை மெதுவாக விட்டுப் பாருங்கள், அப்புறம் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையில், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒழுக வேண்டும். ஒரு பக்கம் ஒழுகவில்லை என்றாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கிக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுங்கள்.