பியர் கார்டின்னு ஒரு ஆள் நிஜமாவே இருந்தாரா?

மைப்புட்டி:
ரிட்டையர் ஆனப்ப ஆபீஸ்ல பியர் கார்டின் பேனா கொடுத்தாங்க. பேனா கம்பெனி பேருன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். மருமகன் சொல்றார், பாரிஸ்ல பெரிய டிரஸ் டிசைனராம், ஓட்டல்கூட நடத்தினாராம். பேனா, துணி, சாப்பாடு எல்லாம் ஒரே ஆளா?

கட்டிங் மாஸ்டர்:
ஒரே ஆள்தான் சார். எங்க தொழில்காரர். 1922-ல இத்தாலியில பிறந்து, சின்னக் குழந்தையா பிரான்ஸ் போய், 14 வயசுல தையல் கத்துக்க உட்கார்ந்தவர். 1947-ல டியோர்ங்கிற பேர்போன பாரிஸ் டிரஸ் கடையில கோட் பிரிவுக்கு இவர்தான் தலை. 1950-ல தனிக்கடை.

நான் 40 வருஷமா கோட் வெட்டுறேன். கோட்டுக்கு உயிரே காலர். கான்வாஸ் வச்சு கழுத்துல படிய வைக்கிறதுக்குள்ள பெண்டு கழன்றும். இந்த மனுஷன் 1960-ல காலரையே எடுத்துட்டார்! பீட்டில்ஸ்ங்கிற இங்கிலீஷ் பாட்டுக் குழு போட்ட காலரில்லாத கோட்டும் இவர் தைச்சதும்பாங்க. இல்ல, இவர் மாடலைப் பார்த்து லண்டன் டெய்லர் ஒருத்தர் தைச்சது. காப்பியடிக்கிறது நம்மூர்ல மட்டும் இல்ல.

பேனா அவர் செஞ்சதில்ல. பேரை வாடகைக்கு விட்டார். டை, செண்ட், வாட்ச்னு நூத்துக்கணக்கான சாமான். ராயல்டி வீடு தேடி வரும்.

ரூம் நம்பர் 7:
ஓட்டல்னது மாக்சிம்ஸ். 1893-ல பாரிஸ்ல ஆரம்பிச்ச பெரிய இடத்து ரெஸ்டாரன்ட். 1981-ல வாங்கினார், 1983-லயே பெய்ஜிங்ல கிளை. அப்புறம் அந்தப் பேர்லயும் சாக்லேட், ஷாம்பெயின்! பிரான்ஸோட தெற்குக் கடலோரமா சோப்பு நுரை மாதிரி உருண்டை உருண்டையா ஒரு பங்களா வேற வச்சிருந்தார். அங்க பீரோவை எந்தச் சுவர்ல சாய்ப்பாங்களோ.

புட்டாமாவு:
கண்ட சாமான்லயும் பேரை ஒட்டி மதிப்பைக் கெடுத்துக்கிட்டார். 2011-ல கம்பெனிக்கு 100 கோடி யூரோ கேட்டார், அந்த விலைக்கு ஆளே வரல.

கட்டிங் மாஸ்டர்:
வராட்டி என்ன, 2020-ல 98 வயசுல சாகிறவரைக்கும் கடை அவர் கையிலதான இருந்துச்சு? எங்க பேரெல்லாம் காலருக்கு உள்பக்க லேபிள்ல, வியர்வை பட்டு மங்கிப்போற இடத்துல இருக்கும். அவர் பேரு சார் சட்டைப் பையில வெளிய தெரியுது.

மைப்புட்டி:
மாஸ்டர், என் கல்யாணக் கோட் சும்மாத்தான் கிடக்கு. காலரைப் பிரிச்சா அந்த மாடல் வந்துடுமா?

கட்டிங் மாஸ்டர்:
பிரிச்சிடாதீங்க சார், கழுத்து வாய் பிளந்து நிக்கும். புதுசாத்தான் வெட்டணும்.