சாமி இல்லாத கோயிலில் தேங்காய் உடைத்த கதாநாயகி

சத்துவாச்சாரியான்:
சொந்தக் காசில் என் நாவலைக் கொண்டுவந்து ஆறேழு மாதம் ஆகிறது. எப்படி எழுதினாய் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதற்கு இங்கேயே போட்டுவிடுகிறேன்.

படிக்காதவர்களுக்காக: கதை 1972இல் தொடங்குகிறது. வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. மூத்த மகள்தான் கதாநாயகி. எழுத உட்காரும்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் யாரைக் கட்டிக்கொள்வாள், குடும்பம் எங்கே போய் நிற்கும், ஒன்றும் தெரியாது. தெரிந்துவிட்டால் எனக்கு எழுத அலுத்துவிடும். ஆட்களைப் பேசவிட்டால் கதை தானாக நகரும் என்று நம்புகிறவன் நான். அதனால் முக்கால்வாசி வேலை காதுக்குத்தான். டீக்கடை, பழைய பஸ் ஸ்டாண்ட், சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற கூட்டம், எங்கே போனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன். ராத்திரி எழுதிவைப்பேன். 'வந்துகினு', 'இன்னாமே', 'எத்தினி' என்று ஊர் பேசுவதுதான் புத்தகத்திலும்.

எடிட்டர் யாரும் இல்லை. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. சரி போகட்டும் என்று வாராவாரம் ஒரு அத்தியாயத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எழுபது பேர் படித்தார்கள், திட்டினார்கள், அழுதார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்திக் கிண்டிலில் ஏற்றினேன், 200 பிரதி அச்சும் போட்டேன். அந்த எழுபது பேரைவிட நல்ல எடிட்டர் எனக்கு வேண்டியதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

தமிழையா குடியாத்தம்:
தம்பி, காசு கொடுத்து வாங்கி முழுக்கப் படித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் அத்தியாயம். உங்கள் கதாநாயகி வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போகிறாள். குருக்கள் தேங்காய் உடைக்கிறார், அர்ச்சனை நடக்கிறது, தீபாராதனையைப் பார்த்து அவள் கண் கலங்குகிறது. 1972 என்று அத்தியாயத்தின் தலையிலேயே போட்டிருக்கிறீர்கள். 1972இல் அந்தக் கோயிலில் சாமியே கிடையாது ஐயா! கருவறை காலி. லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது 1981 மார்ச்சில். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, நடுவில் வருகிற கோயில் எது என்று நினைத்தீர்கள்? ஊரில் அறுபத்தைந்து தாண்டிய யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

எழுபது பேர் படித்தார்கள், ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. படாது. அவர்களுக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதுதான் கவலை. வாசகருக்கு அது போதும். எடிட்டர் என்று ஒருவர் இருந்தால் பென்சிலை எடுத்து ஓரத்தில் 'வருஷம்?' என்று எழுதியிருப்பார்.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவலாசிரியர் மு.வ. (மு. வரதராசன்) நம் வட ஆற்காட்டுக்காரர். அகல் விளக்குக்கு 1961இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கினார். அவருடைய பாத்திரங்கள் நல்ல தமிழில்தான் பேசின. யாரும் குறை சொல்லவில்லை.

சத்துவாச்சாரியான்:
ஐயா, நாவல் சரித்திரப் பாடப்புத்தகம் இல்லை. வீட்டில் பதினொரு பேர் இருக்கிற ஒரு பெண்ணுக்குத் தனியாக அழ ஓர் இடம் வேண்டும். கோட்டைக் கோயிலில் அழுதாள். வாசகர்களும் கூடவே அழுதார்கள். கருவறையில் என்ன இருந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

மு.வ. மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தோல் ஷாப்பில் சதை சீவுகிறவன் "நான் சென்று வருகிறேன்" என்று கிளம்பினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஷாப்புக்காரன்:
நான் இலக்கியம் படித்தவன் இல்லை. எங்கப்பாவும் நானும் ஷாப்பில் இருந்தவங்க. அந்தத் தகுதியில் சொல்கிறேன், நம்ம ஆளு எழுதினது நிஜம்.

மூன்றாம் அத்தியாயத்தில் அப்பா ஷாப்பிலிருந்து வந்து திண்ணையில் உட்காருவார். சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கி விரலிடுக்கு வெடித்திருக்கும். சோற்றில் ரசம் ஊற்றினதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வார். பெண்டாட்டி ஒன்றும் பேசாமல் ஸ்பூனை எடுத்து வைப்பாள். அவர் அதைத் தொடமாட்டார். இடதுகையால் வலதுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார். இதை எந்த எடிட்டர் சொல்லித் தருவார்? எங்க வீட்டில் பார்த்தது அப்படியே இருக்கு.

அப்புறம், அந்தக் காலத்தில் நம்ம பக்கம் பெரும்பாலும் மரப்பட்டை போட்டுத்தான் தோல் பதனிடுவாங்க. குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட நீலத்தோல் எல்லாப் பக்கமும் பரவினது, முழுசாக முடிக்காத தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப எழுபதுகளில் அரசு கட்டுப்பாடு போட்ட பிற்பாடு. நாவலில் தொட்டியில் பட்டை ஊறுகிற வாசனைதான் வருது. சரியாகப் பிடித்திருக்கிறார். ஐயா கோயில் ஒன்றை வைத்து முழு ஆளையும் ஃபெயில் போடுவது எனக்கு ஞாயமாகப் படவில்லை.

ஒரே ஒரு குறை. ஷாப்பு முதலாளி 'அரே, நம்பள்கி' என்று சினிமா சேட்டு மாதிரிப் பேசுகிறார். நான் வேலை பார்த்த விஷாரம் ஷாப்பில் முதலாளி வீட்டில் நம்மைப்போலவே தமிழ்தான் பேசுவாங்க. அதை எங்கே கேட்டீங்க அண்ணே?

காட்பாடி ஜங்ஷன்:
வேலைக்கு ரயிலில் போய்வரும்போது இந்த நாவலைப் படித்து முடித்தேன். ஷாப்புக்காரர் சொன்ன அந்தச் சாப்பாட்டுக் காட்சிக்கு நானும் கை தட்டுகிறேன். ஆனால் அவர் கேட்ட கடைசிக் கேள்வியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். கேட்டு எழுதின இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. கேட்காமல் எழுதின இடம் சினிமாவிலிருந்து வந்திருக்கிறது. முதலாளி பேச்சும் கோயில் காட்சியும் அந்த ரகம்.

ஐயாவோடும் எனக்கு வழக்கு உண்டு. தப்பு, வருஷம் சரியில்லை என்று மார்க் குறைப்பதோடு நிறுத்திவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. கோட்டையில் சாமி இல்லாத காலத்தில் அந்த லிங்கம் எங்கே இருந்தது? சத்துவாச்சாரியில்! இந்தப் பெண் குடியிருக்கிற ஊரிலேயே இருந்தது. அவள் அதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் கோட்டைக்குப் போகிறாள், அங்கே காலிக் கருவறை. மணி அடிக்க ஆள் இல்லை, தட்டு நீட்ட ஆள் இல்லை, யாரும் அவளை 'எந்த வீட்டுப் பொண்ணு' என்று கேட்கப்போவதில்லை. தனியாக அழ இதைவிட இடம் வேண்டுமா? அர்ச்சனை நடக்கிற கோயிலில் நின்று அழுதால் பக்கத்தில் நிற்கிற அம்மாள் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். எழுதினவருக்கு ஊர் தானாகக் கொடுத்த காட்சி இது. தேங்காயும் தீபாராதனையும் வைத்து அதை மூடிவிட்டார்.

சரித்திரப் பாடம் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்திருந்தால் உங்கள் கற்பனைக்கே தீனி கிடைத்திருக்கும்.

சத்துவாச்சாரியான்:
மேடம் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உங்கள் நாவல். என்னுடைய பெண்ணுக்குச் சாமி மேல் நம்பிக்கை அதிகம். காலிக் கருவறைக்கு அவள் போகமாட்டாள்.

காட்பாடி ஜங்ஷன்:
அப்படியென்றால் சத்துவாச்சாரியிலேயே கும்பிடட்டும். நம்பிக்கை இருக்கிறவளுக்குச் சாமி இருக்கிற இடம் தெரியாதா?

அச்சுக்கூடம்:
நான் வேலூரில் டி.டி.பி. போடுகிறவன், அதாவது கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கம் அமைக்கிறவன். சொந்தமாகப் போடுகிற புத்தகங்கள் எங்களிடம் நிறையவே வரும். நடப்பைச் சொல்கிறேன். அட்டைக்கு மேட் லேமினேஷன் வேண்டும், தலைப்புக்குத் தங்கக் கலர் வேண்டும் என்பார்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் வைக்கலாமா என்று கேட்டால் மட்டும் 'நானே பார்த்துட்டேன் சார்'. எழுதினவன் கண்ணுக்கு அவன் பிழை தெரியாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவன் கண் படிக்கும்.

இந்த நாவலில் அம்மா ஒரு பக்கத்தில் 'வந்துகினு' என்கிறாள், அடுத்த பக்கத்தில் 'வந்துக்கிட்டு' என்கிறாள், கல்யாண வீட்டில் 'வந்துட்டு' என்கிறாள். வழக்கில் எழுதுவதா வேண்டாமா என்று ஐயாவும் தம்பியும் மோதிக்கொள்கிறீர்கள். எழுதட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வாய் இருக்க வேண்டாமா? இதையெல்லாம் கோடு போட்டுக் கொடுக்க இலக்கிய மேதை தேவையில்லை. பொறுமையான ஓர் ஆள் போதும்.

இன்னொன்று, புதுசாக எழுதுகிறவர்களுக்கு. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐ.எஸ்.பி.என். எண் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற மத்திய அரசின் ஏஜென்சி தருகிறது. அதற்கென்று பேக்கேஜில் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசை மெய்ப்புக்குக் கொடுங்கள்.

தமிழையா குடியாத்தம்:
ஷாப்புக்காரர் சொன்ன கை வெடிப்புக் காட்சியை நானும் பெரிதாகத்தான் மதிக்கிறேன். அதை எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். இல்லையென்றால் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

திட்டம் போடமாட்டேன் என்கிறீர்களே, அதற்கு வருவோம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தம்பிக்காரன் பம்பாய்க்கு ரயில் ஏறுகிறான். புத்தகம் முடிகிறவரை அவனைக் காணவில்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு மணியார்டர் இல்லை. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சத்துவாச்சாரியான்:
மறக்கவில்லை ஐயா. எங்கள் தெருவில் அப்படிப் போனவன் ஒருத்தன் இன்றுவரை வரவில்லை. நிஜத்தில் எல்லாரும் திரும்பி வருகிறார்களா?

காட்பாடி ஜங்ஷன்:
வரவேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் அவனை மறக்கமாட்டார்களே! ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுப்பதா வைப்பதா என்று ஒரு பேச்சு வந்திருக்கும். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது அம்மா அவன் அளவுக்கு ஒரு சட்டை எடுத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று சமாளித்திருப்பாள். அவன் காணாமல் போனது நாவலில் யாருக்கும் உறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இடித்தது.

வாராவாரம் போடுகிற முறையில் இது நடக்கத்தான் செய்யும். போன வாரம் போட்டது கையை விட்டுப் போய்விட்டது, இந்த வாரத்துக்கு ஒரு திருப்பம் வேண்டும். பின்னால் போய்ப் பார்க்க நேரம் ஏது? சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெடிலும் வாசகர் படித்த பக்கக் கணக்குக்குத்தான் எழுதினவருக்குப் பணம். பதினைந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு கதை ஜவ்வாக இழுப்பதற்கு அதுவும் காரணமோ என்று ஒரு சந்தேகம். தப்பாக நினைக்காதீர்கள்.

சத்துவாச்சாரியான்:
பக்கக் கணக்குக்காக இழுத்தேன் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அதில் வருகிற காசு டீச்செலவுக்குக்கூடக் காணாது.

மற்றபடி, என் முறையை மாற்றிக்கொள்வதாக இல்லை. அடுத்த நாவலும் முடிவு தெரியாமல்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி அந்தக் காலிக் கருவறைக் காட்சியைச் சும்மா எழுதிப் பார்த்தேன். அவள் அங்கே அழவே மாட்டேன் என்கிறாள். சுற்றிச் சுற்றி வந்து, கல்யாண மண்டபத்தில் தூணில் இருக்கிற யாளியின் வாய்க்குள் விரலை விட்டு அந்தக் கல் உருண்டையை உருட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை பிடிக்கிறாள். இது நடந்துவிட்டால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் கல்யாணத்துக்குத் தலையாட்டுவது பொருந்தாது. பாதிப் புத்தகம் சரிந்துவிடும்.

தமிழையா குடியாத்தம்:
சரியட்டுமே. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் ஏன் தலையாட்டினாள் என்று எனக்கு அப்போதே புரியவில்லை.

ஷாப்புக்காரன்:
ஐயா, அவருக்குக் கைக்காசு போட்ட புத்தகம். சரியட்டும் என்று சுலபமாகச் சொல்லிட்டீங்க. சண்டைக் காட்சியை மட்டும் இங்கே போடுங்க அண்ணே, நான் படிக்கணும்.

அச்சுக்கூடம்:
200இல் எத்தனை மிச்சம் இருக்கிறது? முதலில் அதை விற்று முடியுங்கள். கிண்டிலில் கோப்பை இன்றைக்கே மாற்றலாம், கேட்க ஆள் இல்லை. அச்சில் அப்படி முடியாது. பாதிக் கதை மாறினால் அட்டையில் 'திருத்திய பதிப்பு' என்று போடுங்கள், ஐ.எஸ்.பி.என். எண்ணும் புதிதாக வாங்க வேண்டும். மெய்ப்புக்கு ஐயாவிடம் கொடுத்தால் பணம் மிச்சம், நிம்மதி போகும்.

தமிழையா குடியாத்தம்:
அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். 'கினு'வில் கைவைக்கமாட்டேன், ஒரே ஆள் ஒரே மாதிரி பேசுகிறாரா என்று மட்டும் பார்ப்பேன். ஆனால் என்னிடம் இருக்கிற பழைய பிரதியைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஓரமெல்லாம் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன்.