ஜப்பானில் தனியாகச் சுற்றிய நாள்: தோட்டம், கைவேலை, சாப்பாடு. மனதைவிட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கோவை_நடைராணி

நானே தொடங்குகிறேன். கனசாவா, கென்ரோகுஎன் தோட்டம். போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் கல்லிலும் நிற்கும் விளக்கு, அதன் முன்னால் வரிசை, எல்லோரும் எடுக்கும் அதே போட்டோ. நான் போனது நவம்பர் 1. பனிக்காலத்துக்கு முன் மரங்களுக்குக் கயிறு கட்டும் யுகித்சுரி அன்றுதான் தொடங்கும் என்று விடுதியில் சொன்னார்கள். குளிரில் போய் நின்றுவிட்டேன்.

முதல் கட்டு குளக்கரையில் இருக்கும் கராசாகி பைன் மரத்துக்கு. மரத்தின் நடுவே உயரமான கம்பங்கள், அவற்றின் உச்சியில் ஆள். அவர் வைக்கோல் கயிற்றை வீச, அது காற்றில் பிரிந்து நீண்டு, கீழே நிற்பவர் கைக்கு வந்து சேர்கிறது. அந்த ஒரு மரத்துக்கே சுமார் 800 கயிறு. எல்லாம் கட்டி முடித்தால் மரம் ஒரு பெரிய கூடாரத்துக்குள் நிற்கிற மாதிரி தெரியும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை இல்லை. ஓரத்தில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம். தாழ்வான ஒரு கிளையில் கயிற்றைக் கட்டினான். பக்கத்தில் வயதான தோட்டக்காரர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்தார். பையன் மறுபடி கட்டினான். அவர் கயிற்றை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது தடவை கட்டியதும் பார்த்தார், நகர்ந்து போய்விட்டார். பாராட்டும் இல்லை, தலையாட்டலும் இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் நின்ற இடம் கிட்டத்தில்தான். அதே கிளை, அதே கயிறு, அதே முடிச்சு.

அன்றைக்கு அப்புறம் ஓமிச்சோ சந்தைக்குப் போனேன், மீன் போட்ட சோறு சாப்பிட்டேன், ஹிகாஷி சாயா தெருவில் நடந்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் வருவது அந்தப் பையனின் முகம்தான்.

ரசம்பிரியன்

இதை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்து "இப்படிக் கட்டு" என்று சொன்னால் முடிந்தது. சொல்லாமல் அவிழ்ப்பது கற்றுக்கொடுப்பது இல்லை, மிரட்டுவது. அதையே நம் ஊர்ப் பட்டறையில் ஒருவர் செய்தால் ராகிங் என்போம், ஜப்பானில் செய்தால் ஜென் என்போம்.

என் சந்திப்பு சின்னது. அதே ஓமிச்சோ. நான் சைவம். ஒரு கடைக்காரம்மாவிடம் "மீன் இல்லாமல் ஏதாவது?" என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் தன் கடை முழுவதையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். நண்டு, இறால், நொதோகுரோ மீன். பிறகு என் கையைப் பிடித்து, கடையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு சந்து தள்ளி ஒரு காய்கறிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். கொரோஜிமா சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சுட்டது. நான் கடித்து விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் கடையில் அந்த நேரத்துக்குள் எத்தனை பேர் வந்து போனார்களோ.

சரி, தனியாகப் போகிற சைவக்காரர்கள் கவனிக்க. "இறைச்சி வேண்டாம்" என்றால் அங்கே மீன் வரும். "மீன் வேண்டாம்" என்றாலும் மீன்சாறு வரும், ஏனென்றால் தாஷி என்கிற அடிப்படைச் சாற்றில் பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது காயவைத்த சூரை மீனின் சீவல் இருக்கும். சோபா நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். டோஃபு என்று நம்பி வாங்கினால் மேலே மீன் சீவல் ஆடிக்கொண்டிருக்கும். கொம்பு என்கிற கடற்பாசியை மட்டும் போட்டு எடுத்த தாஷி என்றால் பயமில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். கோயில்களில் கிடைக்கும் ஷோஜின் சமையல் சுத்த சைவம், எள் டோஃபு அருமை, ஆனால் பல இடங்களில் முன்பதிவு வேண்டும், விலையும் கூடுதல்.

கனசாவா கறி என்று ஒன்று ஊரெல்லாம் விளம்பரம் இருக்கும். கெட்டியான குழம்பு, மேலே பன்றிக் கட்லெட், பக்கத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ். கட்லெட்டை எடுத்துவிடச் சொன்னாலும் குழம்பிலேயே இறைச்சிச் சாறு இருக்கும். நம்பாதீர்கள். ஓமிச்சோவில் பல கடைகளுக்குப் புதன்கிழமை விடுமுறை. சில்லறை யென் வைத்திருங்கள். குடை கட்டாயம்: மதிய உணவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கம் ஒரு பழமொழியே உண்டு. புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கைப்பையில் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். அரிசிக்கு அங்கே குறைவே இல்லை.

கோவை_நடைராணி

சைவம் பற்றி யாரும் கேட்கவில்லையே அண்ணா :) கிழங்குக் கதை மட்டும் போதும்.

தறிவீட்டுப்பொண்ணு

நான் காஞ்சிபுரம், தறி ஓசையில் வளர்ந்தவள். கனசாவாவில் காகா யூஸென் சாயவேலை பார்க்கவே ஒரு நாள் ஒதுக்கினேன். பட்டில் அரிசிப் பசையால் கோடு இழுத்து, கோட்டுக்குள் தூரிகையால் சாயம். கியோத்தோ யூஸெனில் தங்கத்தாள், எம்பிராய்டரி எல்லாம் சேர்ப்பார்கள். இவர்கள் அநேகமாகச் சாயத்தை மட்டும் நம்புவார்கள். ஐந்து நிறங்கள்தான் அடிப்படை: நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சட்காவி, புல்பச்சை, பழைய ஊதா. இலை வரையும்போது அதில் பூச்சி அரித்த ஓட்டையையும் வரைவார்கள், அது இந்த ஊர்க் கையெழுத்து.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கழுத்தில் போட்டிருந்த பட்டுத் துப்பட்டாவைக் கைகாட்டி, தொடலாமா என்று சைகையில் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். சுற்றுலாவில் எத்தனையோ பேர் அந்தத் துப்பட்டாவை "அழகு" என்று சொல்லி ஜரிகையைத் தடவியிருக்கிறார்கள். இவர் வாங்கியதும் முதல் வேலையாக அதைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்த்தார். கரையும் உடலும் சேரும் இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டினார்.

என் அப்பா புடவை பார்ப்பது அப்படித்தான். கடைக்கு வரும் சம்பந்தி வீட்டார் புடவையையும் அப்படித் திருப்பிப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்குவார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பானியம் தெரியாது. கரையைக் காட்டி இரண்டு கையையும் எதிரெதிரே அசைத்து, இரண்டு நாடா (தறியில் ஊடுநூலை ஓட்டும் கட்டை), இரண்டு ஆள் என்று நடித்துக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டு உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார்! தொழில்முறை ஆட்கள் நான்கு பேர் சுற்றி நின்று என் துப்பட்டாவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்தை யாரும் பார்க்கவே இல்லை.

அம்பத்தூர்_கணக்கர்

ஹிகாஷி சாயாவில் தங்கத்தாள் ஒட்டும் வகுப்பு. ஜப்பானில் செய்யும் தங்கத்தாளில் ஏறக்குறைய 99 சதவீதம் கனசாவாவில்தான் என்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். விரலால் தொட்டால் விரலோடு போய்விடும், அதனால் மூங்கில் இடுக்கி. வகுப்பில் மின்விசிறி கூடாது, பேசும்போதும் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கொடுத்த தாள் சுருங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்த பெரியவர் குனிந்து, நடுவில் ஒரே ஒரு ஊது. தாள் நான்கு மூலைக்கும் விரிந்து படுத்துக்கொண்டது. நானும் ஊதினேன், என் தாள் பக்கத்து மேசைக்குப் போனது. அவர் சிரிக்கவில்லை. போன தாளின் துண்டுகளை எல்லாம் சின்னத் தூரிகையால் கூட்டி ஒரு டப்பாவில் போட்டார். மேசை விளிம்பு, என் சட்டைக் கை, எதையும் விடவில்லை.

வெளியே வந்தால் அதே தெருவில், கோன் ஐஸ்கிரீம் மேல் முழுத் தாளை அப்படியே போர்த்தி விற்கிறார்கள். சட்டைக் கையிலிருந்து தூசியைக் கூட்டி எடுக்கும் ஊரிலேயே அதை நக்கித் தின்ன ஒரு வரிசை. நான் வாங்கவில்லை. அந்தப் பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

ரசம்பிரியன்

நீங்கள் வாங்காததால் யாருக்கு லாபம்? சுவாமி பீடங்களுக்கும் கோயில் வேலைக்கும் வாங்கும் தங்கத்தாள் குறைந்த பிறகு அந்தத் தொழிலை யார் காப்பாற்றுவார்கள்? ஐஸ்கிரீம் தின்பவன்தான். நான் தின்றேன். ருசி ஒன்றும் இல்லை, உதட்டில் ஒட்டிக்கொண்டது, சந்தோஷமாக இருந்தது.

தொயாமாவாசி

கனசாவாவுக்குப் பக்கத்து மாவட்டத்தில் வேலை, வருடக்கணக்கில் இங்கேதான். நடைராணிக்குப் பதில் சொல்ல வந்தேன். ரசம்பிரியன் சொல்வது தவறு.

இங்கே விழும் பனி ஹொக்கைடோ பனி மாதிரி பொடியாக இருக்காது. ஜப்பான் கடலின் ஈரத்தை வாங்கி வருவதால் ஊறிப்போய்க் கனமாக விழும். ஒரு ராத்திரியில் கிளை முறியும். கயிற்றை அதிகம் இழுத்துக் கட்டினால் கிளை மேலே தூக்கிக்கொள்ளும், பல வருடம் வளர்த்த வடிவம் கெடும். தளர விட்டால் பனி ஏறிக் கிளை இறங்கிய பிறகுதான் கயிறு பிடிக்கும், அதற்குள் முறிந்திருக்கும். கிளையின் கனத்தைக் கயிறு தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் சுண்டிப் பார்த்தது அதைத்தான். இதை வாயால் எப்படிச் சொல்வது? "கொஞ்சம் தளர்த்து" என்றால் எவ்வளவு கொஞ்சம்?

என் வீட்டுச் செடிக்கு நான் கட்டிய கயிற்றைப் பக்கத்து வீட்டுத் தாத்தா இப்படித்தான் வந்து அவிழ்த்தார், கேட்காமலே. கோபம் வந்தது, மறுக்கவில்லை. அந்த வருடம் செடி பிழைத்தது.

கோவை_நடைராணி

சுண்டியதை நான் எழுதினேனே தவிர அதை யோசிக்கவே இல்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ரசம்பிரியன்

தொயாமாவாசி சொல்வது கயிற்றுக்கு நியாயம். பையனுக்கு நியாயம் இல்லை. அவன் கையைப் பிடித்து ஒருமுறை சுண்ட வைத்திருக்கலாமே.

யாழ்_டொரொண்டோ

சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்லிப்போகிறேன். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில், கனசாவாவுக்கு வடக்கே கடலோரம் அரக்கு வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊரின் காலைச் சந்தைத் தெரு எரிந்தது தெரியும்தானே. பிறகு அந்த வியாபாரிகள் வேறு ஊர்களுக்குப் போய்ச் சந்தை போட்டார்கள். நான் கனசாவாவில் அப்படி ஒன்றில் போய் நின்றேன். காலையில் தோட்டம் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிடத்தான் போனது, அரக்குக் கிண்ணத்தில் கண் நின்றுவிட்டது.

விற்றவர் படிப்படியாகச் செய்த மாதிரிப் பலகை ஒன்றை எடுத்து வைத்தார். வெறும் மரம், உடையும் விளிம்பில் ஒட்டிய துணி, வாஜிமா மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்கில் குழைத்த பூச்சு, அதற்கு மேல் பூச்சுக்கு மேல் பூச்சு. நூறு படிகளுக்கு மேல் என்று விரலால் எண்ணிக் காட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுச் சிரித்தார். நான் சொதி ஊற்றிக் குடிக்க வாங்குகிறேன் என்று போனில் எழுதிக் காட்டினேன். சூடாக ஊற்றலாம், தினமும் பாவிக்கலாம், மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம் என்றார்.

பொதி கட்டும்போது அவர் போனில் தட்டினார்: "விளிம்பு உடைந்தால் அனுப்புங்கள், நான் சரிசெய்து தருவேன்." எந்த முகவரிக்கு என்று கேட்டேன். பில்லில் வாஜிமா முகவரி அச்சடித்திருந்தது. பேனையை எடுத்தார், அந்த வரியின் மேல் வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அதை அடிக்காமல், கீழே மகளின் கனசாவா முகவரியை எழுதினார்.

கிண்ணத்தைத் தினமும் பாவிக்கிறேன், விளிம்பு இன்னும் நல்லாத்தான் இருக்கு.

அம்பத்தூர்_கணக்கர்

அடிக்காமல் எழுதினார் என்கிறீர்களே. அந்த பில்லை வைத்திருக்கிறீர்களா?

யாழ்_டொரொண்டோ

ஓம், கிண்ணத்தோடு வந்த பெட்டியிலேயே கிடக்கு.

கோவை_நடைராணி

தொயாமாவாசி, கடைசியாக ஒரு கேள்வி. இந்தக் கயிறுகளை எப்போது அவிழ்ப்பார்கள்? அடுத்த முறை அதற்கு வரலாம் என்று பார்க்கிறேன்.

தொயாமாவாசி

மார்ச் நடுவில் ஆரம்பிப்பார்கள். விடியற்காலையில் வந்தால் கட்டணமில்லாமலே உள்ளே விடுகிறார்கள், ஆனால் வழக்கமான நேரம் திறப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வேலையைப் பார்க்கணும் என்றால் டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும்.

ரசம்பிரியன்

குடை மறக்காதீர்கள்.