'மை ஃபாதர்' என்று எழுதும்போது ஃபாதருக்கு கேப்பிடல் லெட்டர் வருமா?

நிலா அம்மா, செங்கல்பட்டு:
மகள் அஞ்சாவது படிக்கிறா. காமன் நவுன் பொதுப்பெயர், ப்ராப்பர் நவுன் சிறப்புப்பெயர், ப்ராப்பர் நவுன்னா முதல் எழுத்து கேப்பிடல்னு ஒப்பிக்கிறா. ஆனா கட்டுரை எழுதும்போது 'மை ஃபாதர்'ல ஃபாதருக்கு கேப்பிடல் போட்டுட்டு, மெரினா பீச்சை முழுக்கச் சின்ன எழுத்துல எழுதியிருக்கா. கேட்டா, "எனக்கு ஒரே அப்பாதானே, அப்ப அது சிறப்புப்பெயர்தானே?"ங்கிறா. இதுக்கு என்னன்னு பதில் சொல்றது?

டியூஷன் சார், மதுரை:
நல்லா யோசிக்கிற பிள்ளைம்மா, அதட்டிடாதீங்க. அப்பா ஒருத்தர்தான். ஆனா 'ஃபாதர்'ங்கிற சொல் எல்லா வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும். அதனால அது காமன் நவுன்.

என் டியூஷன்ல ஒரு சோதனை வச்சிருக்கேன். அந்தச் சொல்லை எடுத்துட்டு ஒரு ஆள் பேரைப் போடச் சொல்லுங்க. 'மை ஃபாதர் இஸ் டால்' என்பது 'மை குமார் இஸ் டால்' ஆயிடும். காதுக்கே இடிக்குதில்ல? அப்ப சின்ன எழுத்து. 'ஐ ஆஸ்க்டு ஃபாதர்'ல குமாரைப் போட்டா கச்சிதமா உட்காருது. அங்க ஃபாதர் பேராவே நிக்குது, கேப்பிடல் போடணும். ஒரே சொல்தான், வாக்கியத்துல அது பார்க்கிற வேலையை வச்சு மாறுது. இது பிடிபட்டுட்டா பாதிக் குழப்பம் போயிடும்.

மெரினா பீச்ல ரெண்டு சொல்லும் சேர்ந்துதான் பேரு, ரெண்டுக்கும் கேப்பிடல். அடுத்த வரியில வெறும் 'தி பீச்'னு வந்தா சின்னது.

கிழமை, மாசம் எல்லாத்துக்கும் கேப்பிடல். சம்மர், வின்டருக்குக் கிடையாது. இது வழக்கம், மனப்பாடம்தான் பண்ணணும். பாடப் பேர்லதான் பிள்ளைங்க அதிகமா மார்க்கை விடுறாங்க: தமிழ், இங்கிலீஷ் மொழிப் பேருங்கிறதால கேப்பிடல். மேத்ஸ், சயின்ஸ் சின்ன எழுத்து.

நம்ம எழுத்துல பெருசு சின்னதுன்னு கிடையாது, அதனால அவ கண்ணுக்கு இது பழக்கமில்லை. இங்கிலீஷ் கதைப் புத்தகத்துல ஒரு பக்கம் எடுத்து, வரிக்கு நடுவுல வர்ற கேப்பிடலை மட்டும் பென்சில்ல வட்டம் போட வைங்க. ஒவ்வொண்ணுக்கும் "இது யாரோட பேரு, எதோட பேரு?"ன்னு கேளுங்க. ராத்திரி பத்து நிமிஷம் போதும்.

இயற்பியல் ஆசிரியை, திருச்சி:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மேல் வகுப்பில் உதவும். ஜேம்ஸ் வாட் என்று எழுதினால் கேப்பிடல். அவர் பெயரில் வந்த அலகை 'வாட்' என்று முழுதாக எழுதினால் சின்ன எழுத்து, குறியீடாக எழுதினால் பெரிய டபிள்யூ. நியூட்டன், வோல்ட், ஆம்பியரும் இப்படித்தான். டிகிரி செல்சியஸில் மட்டும் செல்சியஸுக்கு எப்போதும் கேப்பிடல்.

நிலா அம்மா, செங்கல்பட்டு:
சார், குமார் சோதனை உடனே புரிஞ்சிடுச்சு அவளுக்கு! இப்ப மூன், எர்த் ரெண்டையும் கேட்கிறா.

டியூஷன் சார், மதுரை:
வியாழன் கிரகத்துக்கும் மூன் நிறைய இருக்கும்மா, 'எ மூன்'னு சொல்லலாம். பள்ளிக்கூடக் கட்டுரையில நம்ம நிலாவையும் 'தி மூன்'னு சின்ன எழுத்துலயே எழுதட்டும். எர்த்தை மார்ஸ், வீனஸோட வரிசையில கிரகமா எழுதினா கேப்பிடல். மண்ணுங்கிற அர்த்தத்துல வந்தா சின்னது.